நடுவில் மலை, சுற்றிலும் தண்டவாளம்

திருவண்ணாமலைக்கு ரயில் வருவது மலைக்குக் கிழக்கே. அடி அண்ணாமலை இருப்பது மலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையில் வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் இடையில். ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த ஊர்க்காரர் மலையைப் பாதி சுற்றித்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஒருவருக்கு வீட்டிலேயே ஒரு மாதிரி ரயில் அமைத்துப் பார்க்கும் ஆசை வந்தால், மனதில் முதலில் எழும் படம் எதுவென்று ஊகிப்பது கஷ்டமில்லை. பலகையின் நடுவே அண்ணாமலை, அதைச் சுற்றி வரும் ஒரு ரயில்.

நிஜத்தில் அப்படி ஒரு ரயில் பாதை கிடையாது. காட்பாடி–விழுப்புரம் பாதை ஊரின் கிழக்கு ஓரத்தைத் தொட்டுவிட்டுத் தன் வழியே போய்விடுகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டால் ஆசைக்கு இன்னொரு அடியும் விழும். உலகெங்கும் அதிகம் விற்பது ஹெச்ஓ எனப்படும் அளவு. நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது அதில் ஒரு மீட்டர். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். 87ஆல் வகுத்தால் 161 மீட்டர் தண்டவாளம் வேண்டும். மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர். அடிவாரத்திலிருந்து பார்த்தாலும் அறுநூறு மீட்டருக்கு மேல். பலகையில் அது ஏழு மீட்டர் உயரம் நிற்கும். இதைவிடச் சிறிய, 'என்' (N) எனப்படும் அளவில், அதாவது 160இல் ஒரு பங்கில் கட்டினாலும் நான்கு மீட்டரை ஒட்டி நிற்கும். அளவு பிசகாத அண்ணாமலை எந்த வீட்டுக்குள்ளும் நுழையாது.

அதனால் வீட்டு ரயில் திட்டம் என்பது முதலில் எதையெல்லாம் விடுவது என்ற வேலை. எதை விடலாம் என்பதற்கு விடை ரயில்வே வரைபடத்தில் இல்லை. கட்டுகிறவருக்கு எதில் சந்தோஷம் என்பதில்தான் இருக்கிறது. கடைக்குப் போய்த் தண்டவாளம் வாங்குவதற்கு முன் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மிச்சமாகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

பதில் தெரிந்துகொள்ளத் தமிழ் வீடுகளில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. நவராத்திரிக் கொலு. படிகளுக்குக் கீழே 'பார்க்' வைப்பார்கள். ஆற்று மணலைப் பரப்பி, நான்கைந்து நாள் முன்பே விதைத்த கேழ்வரகும் கடுகும் முளைத்துப் புல்வெளியாக நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும். கசக்கிய காகிதத்தில் வண்ணம் தெளித்து மலை. மலையைச் சுற்றி ஒரு பேட்டரி ரயில். பத்தாம் நாள் எல்லாம் அட்டைப் பெட்டிக்குள் போய்விடும். யாரும் இதை மாதிரி ரயில் கலை என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் ஒரு லேஅவுட்டுக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது: மேடை, நிலக்காட்சி, பாதை, பார்வையாளர், மின்சாரம் போனால் வரும் எரிச்சல் உட்பட.

அந்த ஒன்பது நாளில் தன் கை எங்கே போகிறது என்று ஒருவர் கவனித்தாலே போதும். சிலர் ரயிலை ஓடவிட்டு எதிரில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒன்றும் செய்யத் தோன்றாது, பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சிலருக்கு ரயில் ஒரு பொருட்டே இல்லை; செட்டியார் பொம்மையின் கடையை நகர்த்துவார்கள், குளத்தங்கரையில் இன்னொரு மரம் நடுவார்கள். வேறு சிலர் இரண்டாம் நாளே ரயிலை நிறுத்திப் பெட்டியைக் கழற்றி முன்னும் பின்னும் மாற்றிக் கோக்கத் தொடங்குவார்கள். இன்னும் சிலர் படிக்கு அடியில் படுத்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாலு பேருக்கும் நாலு விதமான லேஅவுட் வேண்டும். ஒருவருக்கு ஏற்ற திட்டத்தை இன்னொருவர் கட்டினால் ஆறே மாதத்தில் அதன்மேல் துவைத்த துணி மடித்து வைக்கப்படும்.

ஒயரைப் பார்ப்பவரைக் குறைவாக எடை போட வேண்டாம். அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கூடத்தில் 1946இல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் சங்கம் தொடங்கினார்கள். அதில் ஒரு கூட்டம் பலகைக்கு மேலே ஊரும் மலையும் செய்தது. இன்னொரு கூட்டம் பலகைக்குக் கீழே சிக்னலும் ரிலேயும் இணைத்தது. அந்தக் கீழ்க்கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான் 1950களின் இறுதியில் கணினிகளைக் குடைந்து பார்க்கப் போனார்கள். 'ஹேக்கர்' என்ற பெயரே அந்தச் சங்கத்தின் பேச்சுவழக்கிலிருந்து பரவியது. நேர்மாறான ஆளும் உண்டு. பாடகர் ராட் ஸ்டுவர்ட் தன் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் இருபத்து மூன்று ஆண்டுகள் உழைத்து ஒரு பெரிய நகரத்தையே கட்டியிருப்பதை 2019இல் ஒரு பிரிட்டிஷ் ரயில் மாத இதழ் விரிவாகக் காட்டியது. கச்சேரிக்குப் போன ஊர்களில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து கட்டடங்கள் செய்வாராம். மின் இணைப்பு மட்டும் அவருக்கு வராது. அதற்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார். பிடிக்காத வேலையைப் பிறரிடம் விடுவதும் திட்டத்தில் ஒரு பகுதி.

ஓடும் ரயிலைப் பார்ப்பதே போதும் என்பவர்களை இந்தத் துறையின் மூத்தவர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. 'வட்டமடிக்கும் ரயில், அதில் என்ன இருக்கிறது' என்பார்கள். அடி அண்ணாமலையில் இந்த வாதம் எடுபடாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் ஒரு வட்டத்தைச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் ஊர் அது; எங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. வட்டம் போதும் என்பவருக்கு வட்டமே சரியான திட்டம். ஆனால் அதன் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

நம் ஊர் மரக்கடையில் கிடைக்கும் பிளைவுட் எட்டடிக்கு நாலடி. ஒன்றரை அடி ஆரத்தில் வளைவு வைத்தால் ஹெச்ஓ தண்டவாளம் அதில் ஒரு நீள்வட்டமாக அடங்கும். ஒரு சுற்று ஏறக்குறைய 18 அடி. நிஜத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்ற வேகத்தை 87ஆல் வகுத்து ஓட்டினால் ஒரு சுற்றுக்கு அரை நிமிடம்தான் ஆகும். பன்னிரண்டுக்குப் பத்தடி அறை ஒன்றில் பலகையை நடுவில் போடாமல், சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகல அலமாரித் தட்டாக நாலு பக்கமும் ஓட்டினால் சுற்று நாற்பது அடியை நெருங்கும், ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும். வாசல் குறுக்கிடும் இடத்தில் தூக்கி எடுக்கும் பாலம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அறையின் நடுப்பகுதி காலியாகவே கிடக்கும். "ஏங்க, அப்போ கட்டில எங்க போடறது?" என்ற கேள்விக்கும் அது பதிலாகிவிடும்.

ஆனால் சுவரோரத் தட்டில் மலை வராது. மலைதான் வேண்டும் என்பவருக்கு நடுப்பலகைதான். அப்போது ஒன்றை மறக்கக் கூடாது: மனிதர் கை வசதியாக எட்டுவது இரண்டரை அடிதான். நாலடிப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்பக்கம் கவிழ்ந்த பெட்டியை எடுக்க மலைமேல்தான் ஏற வேண்டும். சுற்றிலும் ஆள் நடக்க இடம் விட வேண்டும். பத்தடி அறையில் இரு பக்கமும் மூன்றடி கிடைக்கும், நீளவாட்டில் இரண்டடி.

பெட்டிகளைக் கோத்து விளையாடுகிறவருக்கோ வட்டமே தேவையில்லை. பிரிட்டனில் ஆலன் ரைட் என்பவர் கட்டிய 'இங்கில்நுக்' என்ற சின்னஞ்சிறு லேஅவுட் இவர்களுக்கு வேதம். மூன்றே சைடிங், அதாவது வண்டி நிறுத்தும் பக்கத் தடம். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. எஞ்சின் முன்பின் போய்வரும் பாதையில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டும் அடங்கும். மொத்தம் எட்டு வேகன், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. எட்டு சீட்டையும் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகன்களையும் நீளமான சைடிங்கில் சேர்த்து நிறுத்த வேண்டும். விதி இவ்வளவுதான். எட்டில் ஐந்தை வரிசையாக எடுக்க 6,720 வழி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேகன்கள் வேறு வேறு இடத்தில் நிற்பதால் ஆட்டம் சலிப்பதற்கு முன் ஆயுள் முடிந்துவிடும்.

இதை நம் பக்கத்துக்குக் கொண்டுவருவது எளிது. ஆரணி ரோடு ரயில் நிலையம் இருப்பது ஆரணியில் இல்லை, களம்பூரில். களம்பூர், ஆரணி இரண்டுமே அரிசிக்குப் பெயர் போன ஊர்கள். ஒரு சைடிங் அரிசி ஆலைக்கு, ஒன்று உர மூட்டை இறக்க, ஒன்று வண்டி சேர்க்க என்று வைத்துக்கொண்டால் குலுக்கல் சீட்டு ஒரு நாளின் வேலையாக மாறிவிடும். மூடிய சரக்கு வேகன் ஹெச்ஓவில் பதினாறு, பதினேழு சென்டிமீட்டர் வரும். அப்படியானால் ஆறு அல்லது ஏழடி நீளம், ஒரு அடி அகலப் பலகை போதும். பழைய நாலு சக்கர வேகன் என்றால் இன்னும் குட்டையாக முடிந்துவிடும். கூடத்துச் சுவரில் புத்தகத் தட்டு இருக்கும் உயரத்தில் பொருத்திவிடலாம். முதல் முறை கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. செலவு குறைவு, மூன்று மாதத்தில் முடியும், பிறகு பெரிதாகக் கட்டினால் அதிலேயே ஒரு மூலையாகச் சேர்ந்துவிடும்.

சின்னதாகத் தொடங்கிப் பெரிதில் சேர்ப்பதற்கு மாதிரி ரயில் வரலாற்றிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் மான்டரே என்ற ஊரில் ஜான் ஆலன் கட்டிய லேஅவுட் இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்டது. தரையிலிருந்து கூரையைத் தொடும் மலைகள் அதில் இருந்தன. தொடக்கத்தில் அது ஒரு கட்டில் அளவைத் தாண்டாத சிறு பலகை. அந்தப் பலகையை அவர் தூக்கிப் போடவில்லை, பின்னால் வந்த பெரிய அமைப்புக்குள்ளேயே பொருத்திக்கொண்டார். 1973 ஜனவரியில் அவர் மாரடைப்பில் இறந்தார். சில நாட்களிலேயே தீப்பிடித்து லேஅவுட்டும் அழிந்தது. இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் அவரே எடுத்த புகைப்படங்கள்.

இந்தியாவில் இவ்வகையில் பார்க்க வேண்டிய இடம் புனேயின் கோத்ருட் பகுதியில் இருக்கும் ஜோஷி குறு ரயில் அருங்காட்சியகம். பாவுசாகேப் ஜோஷி என்பவர் தன் ஆர்வத்தால் செய்தது. முதலில் கழற்றிக் கோக்கும் லேஅவுட் ஒன்றைக் கண்காட்சிகளுக்கு எடுத்துப் போனார். ஒவ்வொரு முறை கழற்றி ஏற்றி இறக்கும்போதும் சேதம். அதனால் ஒரே இடத்தில் நிரந்தரமாக அமைத்து 1998இல் திறந்தார்கள். நீராவி வண்டி, சரக்கு வண்டி, மலை ரயில், வேக ரயில் எல்லாம் ஒரே நகரத்தில் ஓடும். விளக்கை அணைத்தால் ஊர் இரவாகும், ஒலிபெருக்கியில் வர்ணனை வரும். போகிறவர்கள் குழந்தைகளோடு போய்ப் பார்த்துவிட்டு, அதை அப்படியே வீட்டில் செய்ய ஆசைப்படுவார்கள். அங்கேதான் கொஞ்சம் நிதானம் தேவை. அது கூட்டத்துக்குக் காட்டுவதற்காகத் திட்டமிட்டது. அரை மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். வீட்டில் பார்க்கப்போவது ஒரே ஆள், பல வருடங்கள். ஒரே பலகையில் ஊட்டி ரயிலும் வந்தே பாரத்தும் ஒன்றாக ஓடினால் முதல் வாரம் பிரமிப்பு, இரண்டாம் மாதம் சலிப்பு.

ஊட்டி ரயில் என்றதும் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் மாதிரி ரயில் ஆசை பிடித்தவர்களில் பாதிப் பேருக்கு மனதில் நிற்பது நீலகிரி மலை ரயில்தான். 208 வளைவு, 16 குகை. படம் வரைய அற்புதமாக இருக்கும். ஆனால் அந்தப் பாதை செங்குத்தான இடத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏறுகிறது, பல்சக்கரத்தின் தயவில். சாதாரண மாதிரி எஞ்சின் நூற்றுக்கு இரண்டு, மூன்று ஏற்றத்துக்கே மூச்சு வாங்கும். ஒரு பாதையின் மேல் இன்னொரு பாதை போகப் பத்து சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நூற்றுக்கு மூன்று என்ற ஏற்றத்தில் அதற்கு 3.3 மீட்டர் ஓட வேண்டும், பிறகு இறங்க இன்னொரு 3.3. எட்டடிப் பலகையில் மேம்பாலம் வரைகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

கால அட்டவணைப்படி வண்டி ஓட்டுவதில் இன்பம் காண்பவர்களுக்குத் திருவண்ணாமலைப் பாதை கொடுத்து வைத்த பாதை. ஒற்றை வழித்தடம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒரு நிலையத்தில்தான் விலக முடியும். ஒன்று லூப் லைனில் காத்து நிற்கும், மற்றது மெயின் லைனில் கடக்கும். துரிஞ்சாபுரம், போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம், வேலூர் கண்டோன்மென்ட் என்று போகும் இந்தச் சுமார் 160 கிலோமீட்டர் பாதையை அளவு மாறாமல் செய்தால் 1.8 கிலோமீட்டர் வரும். அதனால் ஒரே ஒரு நிலையம் போதும். மற்ற எல்லா ஊரும் மறைவில் இருக்கட்டும்.

இங்கேதான் அண்ணாமலை கைகொடுக்கிறது. லேஅவுட் ஒரு நாடக மேடை, வண்டிகள் நடிகர்கள் என்று 1940களிலேயே பிராங்க் எலிசன் எழுதினார். நடிகர் வந்து போவதற்கு ஒரு பக்கவாட்டு மறைவு வேண்டும். மலையின் கிழக்கே, கண்ணுக்கு முன்னால், திருவண்ணாமலை நிலையம். இரண்டு நடைமேடை, ஒரு லூப். வண்டி மலையின் வடக்குப் பக்கம் வளைந்து ஒரு குகைக்குள் போகிறது. மேற்கே, மலைக்கு அடியில், நாலைந்து தடங்கள் ஒளிந்திருக்கின்றன. வடக்கு வழியாக உள்ளே போனால் அதுதான் காட்பாடி. தெற்கு வழியாக வெளியே வந்தால் அது விழுப்புரத்திலிருந்து வருகிறது. 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்ட சென்னைக் கடற்கரை மெமுவும் அந்த இருட்டில் ஒரு தடத்தில் தன் நேரம் வரும்வரை நிற்கும். நிஜத்தில் ரயிலே இல்லாத மேற்குப் பக்கம் இது. ஆக அடி அண்ணாமலைக்காரர் தன் சொந்த ஊரின் அடியில் காட்பாடியையும் விழுப்புரத்தையும் ஒரு கை நீளத்தில் அடக்கி வைத்திருப்பார். மேலே கோயிலும் தெருவும் வீடுகளும். பாதை பார்ப்பதற்கு மலையைச் சுற்றும் வட்டம்தான். ஆனால் ஓட்டுகிறவருக்கு அது இரண்டு ஊருக்கு நடுவே இருக்கும் ஒரு நிலையம். வட்டம் வேண்டியவர், அட்டவணை வேண்டியவர் இருவருக்கும் ஒரே பலகை. கடிகாரத்தை ஆறு மடங்கு வேகமாக ஓட்டும் வழக்கமும் உண்டு. பத்து நிமிடத்தில் ஒரு மணி நேரம் கடக்கும், நாலு மணி நேரத்தில் ஒரு முழு நாளின் வண்டிகளும் வந்து போய்விடும். கார்த்திகை தீபத்துக்கு சிறப்பு ரயில் விட வேண்டுமானால் அன்றைய அட்டவணையில் இரண்டு வரி கூடும்.

இனி நீளம். இன்றைய எல்ஹெச்பி வகைப் பயணிகள் பெட்டி சுமார் 23½ மீட்டர். ஹெச்ஓவில் 27 சென்டிமீட்டர். இருபது பெட்டி கோத்தால் 5.4 மீட்டர், பன்னிரண்டடி அறையின் நீளமே 3.66 மீட்டர்தான். எஞ்சினோடு மூன்று பெட்டி என்றால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். எட்டடிப் பலகையில் லூப் லைன் அதற்கே சரியாக இருக்கும். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நீளமான பெட்டி நெருக்கமான வளைவில் ஓடும், ஆனால் அழகாக ஓடாது. பெட்டியின் நடுப்பகுதி உள்ளே இழுத்துக்கொண்டு, முனைகள் வெளியே துருத்திக்கொண்டு போகும். பெட்டியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு ஆரம் இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது என்பது அனுபவஸ்தர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. 27க்கு மூன்று மடங்கு 81 சென்டிமீட்டர். நாலடிப் பலகையில் அந்த வளைவு அடங்காது. அதே பெட்டி 'என்' அளவில் 14.7 சென்டிமீட்டர், மூன்று மடங்கு 44. ஒன்றரை அடி ஆரத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. நீள வண்டியும் மலையும் இரண்டும் வேண்டும் என்பவர் சிறிய அளவுக்கு இறங்குவதே புத்திசாலித்தனம், கண்பார்வை ஒத்துழைத்தால். இந்திய வண்டிகள் அந்த அளவில் கிடைப்பது அரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தியர்களுக்கே உரிய ஒரு தலைவலி தண்டவாள அகலம். ஹெச்ஓ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 87ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர். ஐரோப்பிய, அமெரிக்க ரயில்களின் அகலம். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். முறைப்படி 19.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதனால் இந்திய எஞ்சினை ஹெச்ஓவில் செய்தால் உடம்பு சரியாக இருக்கும், கால் மட்டும் சற்று ஒடுங்கியிருக்கும். பெரும்பாலானவர்கள் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்கிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது: அதே தண்டவாளத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் 100இல் ஒரு பங்காகச் செய்தால் அகலம் கிட்டத்தட்ட கச்சிதமாக வந்துவிடும். கட்டட மாதிரி செய்யும் ஆர்க்கிடெக்ட் மாணவர்கள் வாங்கும் குட்டி மனிதர்கள், மரங்கள், கார்கள் எல்லாம் அந்த அளவில் கடையிலேயே கிடைக்கும். பெட்டியும் எஞ்சினும் மட்டும் அட்டையிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ சொந்தமாகச் செய்துகொள்ள வேண்டும். செய்வதே சந்தோஷம் என்பவருக்கு இது வரம், ஓட்டத் துடிப்பவருக்கு சாபம்.

நினைவுக்காகக் கட்டுகிறவர்கள் வேறு கணக்கு போடுவார்கள். இந்தப் பாதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னிந்திய ரயில்வே காலத்தில் மீட்டர் கேஜாகப் போடப்பட்டது; அகலப் பாதையானது இந்த நூற்றாண்டில்தான். ஒய்பி வகை நீராவி எஞ்சின் இழுத்த வண்டியில் ஏறி மலையைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அந்தக் காலத்தைத்தான் கட்ட வேண்டும் என்றால் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஹெச்ஓ மீட்டர் கேஜுக்குப் பொருந்தும். மின்கம்பிகள் வேண்டாம், கைகாட்டி சிக்னல் வேண்டும், வளையத்தில் டோக்கனைக் கோத்து நீட்டும் பாயிண்ட்ஸ்மேன் நடைமேடை ஓரத்தில் நிற்க வேண்டும். எந்த வருடம் என்று முடிவெடுத்துவிட்டால் வாங்க வேண்டாத பொருள்களின் பட்டியல் தானாக நீளும்.

மலை செய்யும் வேலையில் நம் ஊர் யாருக்கும் குறைந்ததல்ல. தெர்மாகோலை அடுக்கிச் செதுக்கி, மைதாப் பசையில் செய்தித்தாளை ஒட்டி, மேலே பிளாஸ்டர் பூசினால் பாறை. பசையில் மயில்துத்தம் கலக்காவிட்டால் கரப்பானும் எறும்பும் மலையைத் தின்னும். கலந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். காய்ந்த பீர்க்கங்காய் நாரைப் பிய்த்துப் பச்சை தோய்த்தால் மரம். தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லிதான் நுணுக்கமான வேலை. நிஜ ரயில்வே ஜல்லி 65 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் முக்கால் மில்லிமீட்டர். வீடு கட்ட வாங்கிய எம்-சாண்டை முதலில் சற்றுப் பெரிய கண் சல்லடையிலும் பிறகு மாவு சலிக்கும் சல்லடையிலும் சலித்து, முதலாவதில் தங்குவதையும் இரண்டாவதில் அடியில் விழும் தூளையும் தள்ளிவிட்டு நடுவாந்தரத்தை எடுத்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். காகிதத்தில் பரப்பி அதன்மேல் ஒரு காந்தத்தை மெதுவாக ஓட்ட வேண்டும். கறுப்பாக மீசை முளைத்த மாதிரி இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். அது உள்ளே இருந்துவிட்டால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் ஒருநாள் இழுத்துக்கொள்ளும், மோட்டார் போய்விடும். சுத்தமான மணலைத் தண்டவாளத்தின் நடுவே தூவித் தூரிகையால் சமப்படுத்தி, தண்ணீரில் கரைத்த ஃபெவிக்காலில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, மருந்து ஊற்றும் பில்லரால் துளித்துளியாக இறக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டு மணலையும் இழுத்துக்கொண்டு போகும்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரே வண்டி ஓடும் வட்டத்துக்கு 12 வோல்ட் நேர்மின்சாரம் போதும்; குமிழைத் திருப்பினால் வேகம், மின்முனைகளை மாற்றிப் போட்டால் பின்னோக்கி ஓடும். லூப் லைனில் ஒரு வண்டியை நிறுத்தி மெயின் லைனில் இன்னொன்றை ஓட்ட ஆசைப்படும்போதுதான் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி எண் கொடுத்து ஓட்டும் டிசிசி முறை உதவும். 1990களில் பொதுத்தரமான இந்த முறையில் எந்தக் கம்பெனி எஞ்சினும் எந்தக் கம்பெனி கருவியிலும் ஓடும். மொட்டை மாடிக் கொட்டகையில் அமைப்பவர்கள் மின்சாரத்தைவிட வெயிலுக்கே பயப்பட வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாதம் தண்டவாளம் நீளும், ஐப்பசியில் பலகை ஊறும். இணைப்புகளில் அங்கங்கே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, தண்ணீர் தாங்கும் பிளைவுட் போட்டால் பாதை நெளியாது.

மறைவுத் தடங்களைத் திட்டமிடும்போது ஒன்றில் கறாராக இருக்க வேண்டும். வண்டி கவிழ்வது எப்போதும் கை எட்டாத இடத்தில்தான். அதனால் மலையை ஒரே துண்டாகச் செய்யாமல், மேற்குச் சரிவை ஊரோடும் கோயிலோடும் சேர்த்துத் தூக்கி எடுக்கும் மூடியாக வைப்பது வழக்கம். தடம் பிரியும் பாயிண்ட் எதையும் குகைக்குள் ஆழத்தில் வைக்கக் கூடாது; வாயை ஒட்டியே வைக்க வேண்டும். மலையை மூடுவதற்கு முன், எதையும் ஒட்டாமல், தண்டவாளத்தை வெறும் குண்டூசியில் நிறுத்தி, இருப்பதிலேயே நீளமான வண்டியை முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பார்கள். சக்கரம் இறங்கும் இடத்திலெல்லாம் சாக்பீஸால் ஒரு குறி. குறி விழுந்த இடத்தைப் பிரித்து நேராக்கி, அங்கே மறுபடி குறி விழாத பிறகுதான் பசை.